திருக்கைக்கு ஒரு தரை

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய இல்லங்களில் இப்போது மீன் தொட்டியைக் காண்கிறேன். பிறந்த ஊரில் நமக்கு முற்றமும் கிணற்றடியும் இருந்தன. இங்கே இரண்டு அறைகளும் ஒரு வராந்தாவுமே உண்டு. நாய் வளர்க்க இடம் போதாது. பசுவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஓசை செய்யாமல், அண்டை வீட்டாரின் மனத்தாங்கலுக்கு இடமில்லாமல் நம்மோடு குடியிருக்கக்கூடிய உயிர் மீன் ஒன்றுதான்.

தொட்டி வைத்திருப்போர் நீரைப் பற்றிப் பேசுவர். தீனியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசுவர். அடியில் எதைப் பரப்புவது என்பதை மட்டும் அலங்காரக் காரியமாக எண்ணி, குழந்தைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது வழக்கம். நானும் அவ்வாறே செய்தேன். அதனால் ஓர் உயிர் என் வீட்டில் மடியும் நிலைக்கு வந்தது. அந்த அனுபவத்தையும் அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வந்த விருந்தாளி

நான் ஹௌராவில் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்கிறேன். என்னோடு பல ஆண்டுகள் ஒரே மேசையில் அமர்ந்திருந்த வங்காள நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், முதிய தாயாரைக் கவனிக்கும் பொருட்டுக் கௌஹாத்திக்கு மாற்றல் கேட்டிருந்தார். சென்ற ஆண்டு அது கிடைத்தது. அவருடைய வீட்டில் ஆறடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதில் சாப்பாட்டுத் தட்டின் அளவில் ஓர் இளந்திருக்கை இருந்தது. "பாய், இதை விலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ வைத்துக்கொள். உன் பெண் இதைப் பார்த்துக்கொள்வாள்" என்று, உரிய தாள்களோடு என்னிடம் ஒப்படைத்தார்.

என் தாயார் தூத்துக்குடிப் பக்கத்தவர். திருக்கை என்றதும் அவர் நினைவுக்கு வந்தது வேறு. "எய்யா, குழம்புக்கு ஆகிற மீனைக் கண்ணாடிப் பெட்டியிலா வைக்கப் போகிறாய்?" என்று கேட்டார். வங்காளிகளும் இதை அறிவர். 'சங்கர் மாச்' என்றும், அல்லி இலைபோல் விரிந்திருப்பதால் 'ஷாப்லா பாதா' என்றும் அழைப்பர். திருக்கை வாலால் சாட்டை செய்யும் வழக்கம் நம் கடற்கரையிலும் இருந்தது, அவர்களிடமும் இருந்தது.

ஆயினும் என் வீட்டுக்கு வந்தது கடல் திருக்கை அன்று. தென் அமெரிக்காவின் அமேசான், பரானா முதலிய ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை. 'மோட்டோரோ' என்பது அதன் வகைப் பெயர். பழுப்பு நிற முதுகில், கருவளையம் சூழ்ந்த மஞ்சள் பொட்டுகள் நிறைந்திருக்கும். இக்குடும்பத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. இவற்றின் முன்னோர் பன்னெடுங்காலத்துக்கு முன் கடலிலிருந்து ஆற்றுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டனர். கடல் திருக்கையின் குருதியில் யூரியா என்னும் பொருள் மிகுதியாக இருக்கும். உப்பு நீரில் வாழ அது உதவுகிறது. ஆற்றுத் திருக்கையோ அந்தத் திறனை இழந்துவிட்டது. இனி அதைக் கடலில் விட்டால் பிழைக்காது. போன ஊரே அதற்குச் சொந்த ஊராகிவிட்டது.

நான் செய்த பிழை

தொட்டியை வண்டியில் ஏற்றும்போது பாரத்தைக் குறைக்க எண்ணி, நண்பர் பரப்பியிருந்த மணலை வாரி வெளியே கொட்டச் செய்தேன். அது வெறும் மணல்தானே என்பது என் எண்ணம். புதிய இடத்தில் தொட்டியை அழகு செய்ய வேண்டும் என்று ஒன்பது வயது மகளைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். நீல நிறச் சாயம் ஏற்றிய உடைகல் அவள் கண்ணுக்குப் பிடித்திருந்தது. இரண்டு மூட்டை வாங்கிப் பரப்பினோம். விளக்கொளியில் அது கடல் போலவே தோன்றியது. எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

பத்து நாட்களில் திருக்கை இறாலைத் தொடாமல் விட்டது. ஓரிடத்தில் படுக்காமல் கண்ணாடியின் மேல் ஏறுவதும் சரிவதுமாக இருந்தது. அப்படி ஏறியபோதுதான் அதன் அடிவயிற்றைக் கண்டேன். வெண்மையாக இருக்க வேண்டிய தோலில் செந்நிறக் கீறல்கள். வட்ட உடலின் விளிம்பில் ஓரிடம் பிய்ந்திருந்தது. அந்நேரம் மகள் என் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. "நான் கேட்ட கல்தானே அப்பா அதைக் குத்தியது?" என்றாள். அன்றிரவு அவளும் உண்ணவில்லை.

நண்பருக்குத் தொலைபேசியில் விவரம் கூறினேன். அவர் கோபிக்கவில்லை. "மணலை என்ன செய்தாய்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்ல நா எழவில்லை.

திருக்கைக்குத் தரை என்பது என்ன?

மற்ற மீன்களுக்குத் தரை காட்சிப் பொருள். திருக்கைக்கோ அது பாய், போர்வை, உணவுத் தட்டு ஆகிய மூன்றும் ஆகும். அதன் உடலமைப்பைக் கவனித்தால் இது விளங்கும்.

அதன் கண்கள் முதுகின் மேலும், வாய் வயிற்றுப் புறத்திலும் இருக்கின்றன. தான் உண்பதை அது கண்ணால் காண்பதில்லை. மோப்பத்தாலும், இரையின் உடலிலிருந்து எழும் நுண்ணிய மின்சாரத்தை உணரும் தோல் துளைகளாலும் கண்டறிகிறது. வாயால் நீரைப் பீய்ச்சி மணலைக் கலைத்து, அதில் புதைந்த புழுவையும் இறாலையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அடித்தளப் பொருள் அதன் வாய்க்குள் போய் வருவது அன்றாட நிகழ்ச்சி.

அது மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு, கண்கள் மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடக்கும். கண்களுக்குப் பின்னால் இரண்டு துளைகள் உள்ளன. அவற்றின் வழியே மேலிருந்து தெளிந்த நீரை இழுத்து, வயிற்றுப் புறத்திலுள்ள ஐந்து இணைச் செவுள் பிளவுகளின் வழியே வெளியேற்றுகிறது. புதைந்திருந்தாலும் மூச்சு முட்டாமைக்கு இதுவே காரணம். பகை நெருங்கினால் ஒளிய அதற்குத் தெரிந்த வழி இந்தப் புதைவு ஒன்றுதான். அதைப் பறித்துவிட்டால் எந்நேரமும் அச்சத்தோடு வாழ வேண்டியதாகும்.

கல்லும் வெறுங்கண்ணாடியும் மணலும்

அடியில் பரப்பக் கூடியவை எவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன்.

முதலாவது, சரளையும் உடைகல்லும். உடைத்த கல்லின் முனை வயிற்றைக் கீறும். உருண்டையான கூழாங்கல்லானாலும் திருக்கையால் அதில் புதைய முடியாது. மேலும் கல்லிடுக்கில் இறால் துணுக்குகளும் கழிவும் இறங்கி அழுகும். அவ்வழுகலின் மேல்தான் அதன் காயம்பட்ட வயிறு நாள் முழுதும் படிந்திருக்கும். புண் ஆறாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒன்றும் பரப்பாத வெறுங்கண்ணாடி. இதைப் பிழை என்று சொல்லமாட்டேன். குட்டிகளை வளர்த்து விற்போர் பலர் இவ்வாறே வைத்திருக்கின்றனர். கழிவு உடனே கண்ணில் படும். குழாயால் இழுத்தெடுப்பதும் எளிது. நோயுற்ற மீனைச் சில நாள் வைத்துப் பார்ப்பதற்கும் இது ஏற்றது. ஆனால் புதைய இடமில்லை. வழுக்கும் தரையில் அதற்குப் பிடிப்பும் இல்லை. கண்ணாடி ஒளியைத் திருப்பி அடிக்கும். இவ்வாறு வைப்பவர்கள் தொட்டியின் அடிப்புறத்தில், வெளியே, கருமையான தாளாவது ஒட்டிவைப்பது நன்று.

மூன்றாவது, மணல். இதுவே பொருத்தம் என்பது என் முடிவு. ஆனால் மணல் என்றால் எல்லா மணலும் ஒன்றன்று.

எந்த மணல்?

இருப்புப்பாதைக்கு அடியில் கொட்டும் ஜல்லியை நாம் நாள்தோறும் காண்கிறோம். அது கூரிய முனைகளோடு உடைக்கப்பட்ட கல்லாகவே இருக்க வேண்டும். முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால்தான் தண்டவாளம் அசையாமல் நிற்கும். உருண்டைக் கல்லைப் போட்டால் பாரம் ஏறியதும் நழுவிவிடும். திருக்கைக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. கவ்வாமல் நழுவும் மணிதான் அதற்கு உகந்தது. இந்த ஓர் உண்மையை நினைவில் வைத்தால் மணலைத் தேர்வது எளிதாகும்.

இப்போது கட்டடங்களுக்குப் பெரிதும் வழங்கும் எம்-சாண்டு, பாறையை இயந்திரத்தில் நொறுக்கிச் செய்தது. ஜல்லியின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அது ஆகாது. கடற்கரை மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருக்கும். அச்சுண்ணாம்பு கரைந்து நீரைக் கடினமாக்கும். பவளத் தூளுக்கும் சலவைக்கல் பொடிக்கும் இதே குறை உண்டு. கட்டட வேலைக்கு இங்கே விற்கும் தாமோதர் ஆற்று மணல் பருமனானது, களிமண்ணும் கலந்திருக்கும். சல்லடையில் சலித்துப் பலமுறை கழுவப் பொறுமை உள்ளவர்கள் அதன் நுண்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆற்றில் தாமே இறங்கி அள்ள முற்படுவது சட்டத்துக்கு மாறானது.

எனக்குக் கைகொடுத்தது நீச்சல் குளத்திலும் குடிநீர் நிலையத்திலும் வடிகட்டியில் இடும் சிலிக்கா மணல். அளவு பார்த்துச் சலிக்கப்பட்டிருப்பதால் தூசி குறைவு. அரை மில்லிமீட்டரை ஒட்டிய மணிகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் திருக்கைக்குப் புதைவது கடினம். மாவு போல் நைந்திருந்தால் மேலெழும்பி, நீரேற்றும் மோட்டாரின் சக்கரத்தைத் தேய்த்துவிடும். நிறம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருத்தல் நலம். தூய வெண்மணல் விளக்கொளியைத் திருப்பியடிக்கும். அதன்மேல் மீனின் நிறமும் வெளிறும். சாயமேற்றிய மணலை அறவே விலக்குக.

வாங்குமுன் இரண்டு சோதனைகள் செய்க. ஒரு பிடி மணலை ஈரமாக்கிக் கன்னத்தில் மெல்லத் தேய்த்துப் பார்க்க வேண்டும். நம் கன்னத்தை உறுத்துவது திருக்கையின் வயிற்றையும் உறுத்தும். அடுத்து, ஒரு கரண்டி மணலில் சில துளி வினிகர் விட வேண்டும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள், அதைத் தள்ளிவிடுக.

எவ்வளவு, எப்படி?

பார்சல் எழுத்தன் எடை போடாமல் எதையும் செய்வதில்லை. ஆறுக்கு இரண்டடித் தொட்டியின் தரைப் பரப்பு 12 சதுர அடி. ஒன்றரை அங்குல உயரத்துக்கு 1.5 கன அடி மணல் வேண்டும். அது சுமார் 42 லிட்டர். எடை ஏறத்தாழ 70 கிலோ. தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே 680 கிலோ அளவுக்கு வரும். ஆகவே மேல்மாடியில் குடியிருப்பவர்கள் முதலில் தளத்தின் வலுவைக் கேட்டறிக. என் குடியிருப்பு கீழ்த்தளமாய் அமைந்தது நல்லதாயிற்று.

உயரம் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் போதும். மிகுதியாகப் போட்டால் அடியில் காற்றுப் படாத இடங்கள் உண்டாகி, மணல் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றமுள்ள நச்சு வாயு தேங்கும். குறைவாகப் போட்டால் போர்வை போதாது.

மணலைச் சிறிது சிறிதாக வாளியில் இட்டு, மேல்நீர் தெளியும் வரை கழுவினோம். மகளும் மனைவியும் நானுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது நடந்தது. திருக்கையை வலையால் பிடித்தல் கூடாது. வால்முள் வலையில் சிக்கும். நீருக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைச் சாய்த்து, அதனுள் மெல்ல ஓட்டிப் பிடித்து, பழைய நீரிலேயே காற்றுக் குழாயோடு வைத்திருந்தோம். வடிகட்டியின் பஞ்சை உலரவிடாமல் காத்தோம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதிலேதான் வாழ்கின்றன. அவை செத்தால் புது மணலும் பயன்தராது. கல்லை அகற்றி, மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டை வைத்து நீரைத் தட்டின் மேல் ஊற்றினோம். குழாய் நீரின் குளோரினை முன்பே நீக்கிவிட்டோம். கலங்கல் மறுநாட் காலையில்தான் தெளிந்தது. அதன் பின்னரே திருக்கையை விட்டோம்.

மணல் இட்ட பின் வேலை குறையும் என்று எண்ண வேண்டாம். கழிவு மணலுக்குள் இறங்காமல் மேலேயே தங்கும். அதை நாள்தோறும் குழாயால் எடுத்துவிட வேண்டும். திருக்கை புரண்டெழாத மூலைகளை வாரம் ஒருமுறை விரலளவு கிளறிவிட வேண்டும். நான் ஒரு மரக்கரண்டியை வைத்திருக்கிறேன். அமோனியா சோதனைச் சொட்டு மருந்து ஒரு புட்டி வீட்டில் இருப்பது அவசியம். குளிர்காலத்தில் இவ்வூரில் ஹீட்டர் இன்றியமையாதது. திருக்கை அதன்மேல் படுத்துச் சூடுபட்டுக்கொள்ளும். ஆதலால் துளையிட்ட உறை போடுக.

ஓர் எச்சரிக்கை

நிற்க. இதைப் படித்துவிட்டு எவரும் ஆசையால் திருக்கை வாங்கக் கிளம்ப வேண்டாம். அதன் வாலில் நஞ்சுள்ள முள் உண்டு. புதைந்து கிடக்கும்போது தெரியாமல் கை பட்டால் குத்திவிடும், வலி கடுமையானது. அவ்வாறு நேர்ந்தால், குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி தணியும். வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் உடனே மருத்துவரிடம் செல்க. குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மாறாத விதி.

மோட்டோரோ ஒன்றரை அடி அகலத்துக்கும் வளரும். என் தொட்டி அதற்கு எப்போதும் போதாது. அகலமான தொட்டிக்காக மாதந்தோறும் சிறிது பணம் ஒதுக்கி வருகிறேன். இக்குடும்பத்து வகைகள் சிலவற்றின் வணிகத்தைப் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2022ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் திருத்தப்பெற்ற நம் நாட்டு வனவிலங்குச் சட்டமும், அப்பட்டியலிலுள்ள உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எந்த வகை என்று உறுதி செய்து, வன அலுவலகத்தில் விசாரித்து, தாள்களைச் சரியாக வைத்திருப்பதே முறை.

வளர்க்க முடியாமற்போனால் குளத்திலோ கங்கையிலோ விட்டுவிடலாம் என்னும் எண்ணம் மிகத் தீயது. தொட்டிக்காக வந்த உறிஞ்சுவாய்க் கெளுத்தி, கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களில் பெருகி மீன் வளர்ப்போருக்கு இடராயிருப்பதை நாம் அறிவோம். இதே மோட்டோரோ திருக்கை சிங்கப்பூர் நீர்த்தேக்கத்தில் பெருகியதும் உண்டு.

முடிவுரை

மணலில் விட்ட முதல் நாள் திருக்கை அசையாமல் கிடந்தது. இரண்டாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து வந்தேன். தொட்டியில் அதைக் காணவில்லை. ஒரு கணம் நெஞ்சு படபடத்தது. மகள் விரலால் சுட்டிக் காட்டினாள். மணலுக்கு வெளியே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. "போர்த்திக்கொண்டு தூங்குகிறது அப்பா" என்றாள். ஐந்தாம் நாள் இறால் உண்டது. இரண்டு மாதத்தில் வயிற்றுக் கீறல்கள் மறைந்தன. விளிம்பில் பிய்ந்த இடத்தில் ஒரு சிறு வடு மட்டும் இருக்கிறது.

மகளை அருகில் அமர்த்தி, "கல்லைக் கேட்டது நீ, ஆனால் கேட்டறியாமல் வாங்கியது நான். பிழை என்னுடையது" என்று சொன்னேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, அந்த நீலக் கற்களைத் துளசித் தொட்டியின் மேல் பரப்பலாமா என்று கேட்டாள். பரப்பினோம். அங்கே அவை அழகாகவே இருக்கின்றன. குழம்பைப் பற்றிப் பேசிய என் தாயாரும் இப்போது காலையில் எழுந்தவுடன் தொட்டியருகே சென்று, இரண்டு கண்களும் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி கேட்கிறார்.

ஒரு மாற்றல் உத்தரவில் நாம் மூட்டை கட்டும்போது எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று பலமுறை யோசிக்கிறோம். பாரம் என்று நான் கொட்டிய மணல்தான் அந்த உயிருக்கு வீடாக இருந்தது. உயிர் ஒன்றைக் கைம்மாற்றிப் பெறும் அன்பர்கள், அது எதன்மேல் படுத்திருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மணல் தேர்வதில் ஐயமுள்ளவர்கள் ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்து நூலகத்தில் என்னைக் காணலாம். கையில் ஒரு பிடி மணலும், சிறு புட்டியில் வினிகரும் கொண்டு வந்தால் அங்கேயே சோதித்துவிடலாம்.